இரைச்சலே இல்லாத ஆம்ப்ளிஃபயர்

ஜனவரி 6

அண்ணாவுக்கு,

போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. அதனால்தான் கடிதம். இதில் நீ நடுவில் புகுந்து, "முதல்ல நான் சொல்றதக் கேளு" என்று சொல்ல முடியாது பார்.

நீ அனுப்பிய ஆம்ப்ளிஃபயர் வந்து சேர்ந்தது. இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்து கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். முன்பக்கம் ஒரே ஒரு குமிழ், ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான். அம்மா கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்து, "இதுல பாட்டுக் கேக்கணுமா, துணி துவைக்கணுமா?" என்றாள்.

நான் கேட்டது இது இல்லை அண்ணா. உனக்கே தெரியும். அம்மாவுக்கு ஒரு கால் விழுந்துபோனபிறகு பாட்டு ஒன்றுதான் துணை. பழைய பெட்டி இரைகிறது, புதிது வாங்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். கடைக்கு, அம்மாவுக்குப் பிடித்த பாடகியின் ரெகார்டையே எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பொறுமையாக ஒவ்வொன்றிலும் அதையே போட்டுக் காட்டினார். ஒன்றில் அந்தப் பாடகி பக்கத்து அறையில் நின்று பாடுவது போல இருந்தது. இதுதான் என்று முடிவு செய்துவிட்டு உன்னிடம் சொன்னேன். நீ வழக்கமாகப் படிக்கும் ஆடியோ விமர்சன இதழைப் புரட்டி, "அதுக்கு ரெண்டே நட்சத்திரம்தான் குடுத்திருக்கான்" என்றாய். என் காதுக்கு அந்த ஆள் எத்தனை நட்சத்திரம் கொடுப்பான் என்றும் கேட்டுச் சொல்.

கோபம் எனக்கு ஆறவில்லை. இருந்தாலும் வந்துவிட்டது, மாட்டிப் பார்க்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


ஜனவரி 14

அன்புள்ள வாலு,

உனக்கு வாய் குறையவே இல்லை. திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை வைத்ததற்குப் பதில் வக்கீலாகப் போயிருக்கலாம்.

நான் மருந்துக்கடைக்காரன். வருகிறவனிடம், "எனக்கு இந்த மாத்திரை ருசியா இருந்துச்சு, நீங்களும் சாப்பிடுங்க" என்று சொல்லி விற்க முடியுமா? யாரோ படித்தவன் சோதித்து எழுதியதை நம்பித்தான் கொடுக்கிறேன். அந்த விமர்சகரை நான் பல வருஷமாகப் படிக்கிறேன். மனிதர் தவறு செய்து பார்த்ததில்லை. நீ கடையில் கேட்டது கடைக்காரர் கேட்க வைத்தது. அங்கே எந்த அறையில் எதை வைத்தால் எது நன்றாகக் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன.

அவர் எழுதியதை அப்படியே தருகிறேன், படி: "பின்னணி இரைச்சல் குறைவு என்று பல கருவிகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். இதில் இரைச்சல் என்பதே இல்லை. இசைக்கும் கேட்பவருக்கும் நடுவே இது எதையும் நிற்க விடாது." ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அவர் ஐந்து கொடுத்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

முக்கியமான விஷயம், இதை அணைக்கவே கூடாது என்கிறார். பாட்டு போடாத நேரத்திலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும். உள்ளே சூடு ஏறி, பாகங்கள் பழகி, ஒரு மாதம் கழித்துத்தான் அதன் முழு குணமும் தெரியுமாம். அணைத்தால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். உன் சிக்கனத்தை இதில் காட்டாதே.

அம்மாவுக்கு மாத்திரைகள் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்


ஜனவரி 30

அண்ணா,

தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ளும் கடிதம் இது. பத்திரமாக வைத்துக்கொள், இன்னொன்று கிடைக்காது.

நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக என்று சொன்னால் போதாது. அந்தப் பாடகி வரி முடிகிற இடத்தில் உதட்டை ஈரமாக்கிக்கொள்வது கேட்கிறது. அம்மா முதல் நாள் பாட்டு முடியும்வரை ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அந்தப் பொண்ணு உள்ளயே உக்காந்திருக்கற மாதிரி இருக்குடி. ஒரு வாய்த் தண்ணி குடு அவளுக்கு" என்றாள்.

இன்னொன்று. சிரிக்காதே. முதலில் ஃப்ரிட்ஜ் சத்தம் போனது. கெட்டுவிட்டதோ என்று திறந்து பார்த்தேன், குளிர்ச்சி அப்படியே இருக்கிறது, மோட்டார் மேல் கை வைத்தால் அதிர்கிறது. ஆனால் சத்தம் வரவில்லை. அப்புறம் சமையலறைக் குழாய். சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது, பார்க்கிறேன், சொட்டுவது கேட்கவில்லை. பாட்டு போடாத நேரத்திலும் இப்படித்தான். முதலில் அப்பாடா என்று இருந்தது. எத்தனை வருஷத் தலைவலி அந்தக் குழாய்.

போன வாரம் தையல் மெஷின் சத்தமும் போய்விட்டது. மிதிக்கிறேன், ஊசி ஓடுகிறது, துணி நகர்கிறது, கடகடவென்று ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்து மட்டும் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. நூல் அறுந்தால் சத்தத்தில்தான் தெரியும், ஊசி மழுங்கினாலும் அப்படித்தான். ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். கட்டுப் போட்டிருக்கிறேன், கையெழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

பயந்துபோய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில், மலையிலிருந்து இறங்கும்போது காது திறக்குமே, அப்படி ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நீ திட்டுவாய் என்று மறுபடி போட்டுவிட்டேன்.

இது என்ன அண்ணா?

தங்கை


பிப்ரவரி 7

அன்புள்ள வாலு,

விரலுக்கு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டாயா? போடாவிட்டால் இன்றைக்கே போய்ப் போடு. அதுதான் முதல் கவலை.

இரண்டாவது, காது டாக்டரைப் பார். பாட்டு உனக்கு இவ்வளவு துல்லியமாகக் கேட்பதால் காது சரியாக இருக்கிறது என்று எண்ணாதே. சில மாத்திரைகள் காதை அடைக்கும், அம்மாவின் மாத்திரையைத் தவறிப்போய் நீ விழுங்கித் தொலைத்தாயோ என்னவோ. ஆம்ப்ளிஃபயர் என்பது உள்ளே வரும் சத்தத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி. அதற்குக் காதும் கிடையாது கையும் கிடையாது. குழாய் சொட்டுவதை அது எப்படிப் பிடித்து விழுங்கும்? இப்படி ஒன்று இருந்தால் அந்த விமர்சகர் எழுதாமல் இருப்பாரா? எத்தனை வாரம் வீட்டில் வைத்துக் கேட்டிருக்கிறார் மனிதர்.

அணைத்ததாக எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு வயிற்றெரிச்சல். இத்தனை நாள் ஏறிய சூடு எல்லாம் வீண். இனிமேல் கை வைக்காதே.

உன் அண்ணி இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கூடப்பொறந்தவ சொல்றத நம்ப மாட்டீங்க, மூஞ்சி தெரியாத ஆள் எழுதுனத நம்புவீங்க" என்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்துகொள்ளுங்கள்.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

அம்மா விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை, இடுப்பில் கன்றிப்போயிருக்கிறது. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். மனதைத் தைரியப்படுத்திக்கொண்டு மற்றதைப் படி.

பகல் நேரம்தான். நான் கூடத்தில் உட்கார்ந்து பெரிய ஆர்டர் ஒன்றுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கோலைப் பிடித்துக்கொண்டு தானே குளியலறைக்குப் போகப் பார்த்து அறை வாசற்படியில் விழுந்திருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ரெகார்டைத் திருப்பிப் போட எழுந்தபோதுதான் தரையில் அவள் கால் தெரிந்தது. எத்தனை நேரம் கிடந்தாள் என்று தெரியவில்லை. "ஏம்மா கூப்பிடல" என்று கேட்டேன். அவள் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. வாசல் கேட்டுக்கு வெளியே தூக்கிப் போனபிறகுதான் குரல் வந்தது. "தொண்ட கிழியக் கத்துனேன்டி. எனக்கே கேக்கல. செத்துட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.



காது டாக்டரிடமும் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து விதவிதமாகச் சத்தம் கொடுத்தார். "உங்க வயசுக்கு இவ்வளவு நல்ல காத நான் பாத்ததில்ல" என்றார். தெருவில் எனக்கு எல்லாம் கேட்கிறது. வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் போய்விடுகிறது. போன் மணியும் கேட்பதில்லை, நீ கூப்பிட்டிருந்தால் அதனால்தான் எடுக்கவில்லை.

அம்மா விழுந்த அன்றைக்கு அணைத்து, பிளக்கையும் பிடுங்கினேன். முன்பு போல உடனே ஒன்றும் திரும்பி வரவில்லை. மறுநாள் மதியம்தான், அதுவும் மெதுவாக, போர்வைக்கு உள்ளிருந்து பேசுவது போல. நான்கைந்து நாள் பாட்டே இல்லாமல் இருந்தோம். அம்மா அழுகிறாள். "அந்தப் பொண்ண எங்கடி அனுப்பிட்ட" என்று கேட்கிறாள். அவள் தொந்தரவு தாங்காமல் நேற்று மறுபடி போட்டேன். பொய் சொல்வானேன், எனக்கும் அது வேண்டியிருந்தது.

இதை எடுத்துக்கொண்டு போகச் சொல் அண்ணா. காகிதத்தில் இருப்பதை நம்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சொல்வதையும் கொஞ்சம் நம்பு. அம்மா கூப்பிட்டு எனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்ற ஒரே பயம்தான் இப்போது எனக்கு. நீ நேரில் வந்தால் தேவலை.

தங்கை


மார்ச் 3

அன்புள்ள வாலு,

கடிதம் கண்டு கலங்கிப்போனேன். உடனே புறப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கடையில் மாற்று ஆள் இல்லை, அண்ணிக்குக் காய்ச்சல். மாதக் கடைசியில் எப்படியும் வருகிறேன்.

அதுவரை இப்படிச் செய். அம்மாவின் கட்டிலைக் கூடத்துக்கே கொண்டுவந்து போட்டுவிடு. நீ வேலை செய்யும் இடத்தில் இருந்து அவள் உன் கண்ணில் படும்படி. கூப்பிட்டுக் கேட்காவிட்டாலும் கையை ஆட்டினால் தெரியும் அல்லவா. அவளுக்கும் பாட்டு பக்கத்தில் இருக்கும். இது எனக்கு நல்ல யோசனையாகத் தோன்றுகிறது.

ஆம்ப்ளிஃபயர் விஷயமாக அந்த இதழுக்கு எழுதிவிட்டேன். விமர்சகரே பதில் எழுதட்டும். நீ சொல்வதை நம்பவில்லை என்று எண்ணாதே. வீட்டுச் சுவர், கம்பளம், நீ தொங்கவிட்டிருக்கும் கனமான துணிகள் எல்லாம் சத்தத்தைக் குடிக்கும், இதைப் பற்றியும் அவர் ஒரு முறை எழுதியிருக்கிறார். அவர் பதில் வரும்வரை எதையும் மாற்ற வேண்டாம். ஓடிக்கொண்டே இருக்கட்டும். நடுநடுவே அணைத்து மறுபடி போட்டதால்தான் இந்தக் கோளாறோ என்று எனக்குச் சந்தேகம்.

அம்மாவின் இடுப்புக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்காதே, மேலாகத் தடவு.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

நீ சொன்னபடி அம்மாவைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். நல்ல யோசனை. முன்பே செய்திருக்க வேண்டும்.

போன கடிதத்தில் கண்டபடி எழுதி உன்னைப் பயமுறுத்திவிட்டேன். அதையெல்லாம் மறந்துவிடு. விமர்சகர் சொன்னது முழுக்க உண்மை. ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்றாரே, பொறுத்தபிறகு வேறு பெட்டி போல ஆகிவிட்டது. இப்போது பாடகியின் குரலில் முன்பு கேட்காத இடங்கள் எல்லாம் கேட்கின்றன. அவள் மனதுக்குள் அடுத்த வரியை நினைத்துக்கொள்வதுகூடக் கேட்பது போல இருக்கிறது. அந்த மனிதருக்கு இதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் நட்சத்திரத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், பாவம்.

கடையை மூடிவிட்டேன். வருகிறவர்கள் வாயை மட்டும் அசைக்கிறார்கள், அளவு எழுதிக் காட்டச் சொன்னால் முறைக்கிறார்கள். எதற்கு வம்பு. மிச்சம் இருந்த கனமான துணியில் எல்லா ஜன்னலுக்கும் திரை தைத்துப் போட்டுவிட்டேன், தெருப்பக்கம் ஒன்றைத் தவிர. அதற்குத் துணி போதவில்லை.

அம்மா சமர்த்தாக இருக்கிறாள். முன்பெல்லாம் ஓயாமல் அதைக் கொண்டா இதைக் கொண்டா என்பாள். இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஸ்பீக்கரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறாள். மருந்து கொடுக்கச் சில வேளை மறந்துவிடுகிறேன், அவளும் கேட்பதில்லை.

அவசரப்பட்டு வரவேண்டாம். உனக்கு வேலை இருக்கும்.

தங்கை


மார்ச் 24

வாலு,

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் பிளக்கைப் பிடுங்கு. மற்றதை அப்புறம் படி.

இதழ் ஆசிரியரிடம் இருந்து பதில் வந்துவிட்டது. அந்த விமர்சகர் இப்போது எழுதுவதே இல்லையாம். அந்தக் கட்டுரைக்குப் பிறகு கேட்டுப் பார்க்க அனுப்பிய கருவிகளை எல்லாம் பெட்டி பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "இதன்பிறகு எனக்கு வேறு எதையும் கேட்க முடியவில்லை." ஆசிரியருக்கு ஒரே சந்தோஷம். இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா என்று அந்த வரியைப் பெரிய எழுத்தில் விளம்பரமாகவே போட்டுவிட்டார்களாம். எனக்கும் அந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கிறார். 

உன் கடைசிக் கடிதத்தை அண்ணி படித்தாள். "இது அவ எழுதுன மாதிரியே இல்ல. உங்க பத்திரிகைக்காரன் எழுதுன மாதிரி இருக்கு" என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நீ பயந்து எழுதியபோது நான் நம்பவில்லை, நீ புகழ்ந்து எழுதும்போது நம்ப முடியவில்லை. அம்மா ஒன்றும் கேட்பதில்லை என்கிறாயே, கேட்கிறாளா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும்? முகத்தைப் பார்த்தாயா?

கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். ரயிலில் அதற்கு முன்னால் இடம் இல்லை, முப்பதாம் தேதி காலை அங்கே இருப்பேன். அம்மாவை என்னோடு கூட்டிவருகிறேன், நீயும் வா. மருந்தை மறக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


மார்ச் 30

வாலு,

உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு எப்படி உன்னிடம் பேசுவது என்று தெரியவில்லை.

கேட் வரைக்கும் தெருவில் வண்டிச் சத்தம், யாரோ பேசுவது, எல்லாம் இருந்தது. கேட்டைத் திறந்தேன். வழக்கமாகக் கிறீச்சிடும், இன்று இல்லை, எண்ணெய் போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். இரண்டு அடி வைத்ததும் என் செருப்புச் சத்தம் போய்விட்டது. கதவைத் தட்டினேன். காதைக் கதவோடு ஒட்டிவைத்துக்கொண்டு தட்டினேன். கை வலிக்கிறது, தோல் உரிந்துவிட்டது, நான் தட்டுவது எனக்கே கேட்கவில்லை. நீ எழுதியது அத்தனையும் உண்மை. நான்தான் மடையன்.

தெருப்பக்க ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய், அம்மா பக்கத்தில் கட்டிலில். எவ்வளவு இளைத்துவிட்டீர்கள் இரண்டு பேரும். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தேன், அது உதிர்ந்தது, பனி விழுவது போல, அவ்வளவுதான். உள்ளிருந்து பாட்டுகூட எனக்குக் கேட்கவில்லை. அப்போது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தாய். சத்தம் போடாதே என்று.

அம்மாவும் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். பிறந்ததில் இருந்து என்னைக் கூப்பிடும் வாய், அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாதா? "பெரியவனே, பெரியவனே" என்று கூப்பிடுகிறாள். கையை நீட்டி நீட்டிக் கூப்பிடுகிறாள். நீ அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாய்.

ஜன்னலில் கம்பி இருப்பதால் உள்ளே வர முடியவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்து வெல்டரை அழைத்துவர ஆள் அனுப்பியிருக்கிறேன். அவர் வருவதற்குள் நீயே தாழ்ப்பாளைத் திறந்துவிடு. இந்தக் கடிதத்தை உடைந்த கண்ணாடி வழியாகப் போடுகிறேன். எழுந்து வந்து எடுத்துப் படி. அம்மாவைத் தூக்க வேண்டும்.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

நீ போட்டது என் காலடியிலேயே வந்து விழுந்தது. பதிலையும் அதே வழியாகப் போடுகிறேன். வெல்டர் வந்துவிட்டார் போல இருக்கிறது. ஜன்னலில் பொறி பறக்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது.

விரலை வைத்தேன் என்று வருத்தப்படாதே. நல்ல இடத்தில் பாட்டு போய்க்கொண்டிருந்தது, நீ பேசிக் கெடுத்துவிடுவாயோ என்று பயந்துவிட்டேன். உன்னைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். தலை எல்லாம் நரைத்துவிட்டதே.

அம்மா உன்னைக் கூப்பிடவில்லை அண்ணா. அவள் பாடுகிறாள். சில நாட்களாகவே இப்படித்தான். விடிந்ததில் இருந்து வாயை அசைத்து அந்தப் பெண்ணோடு கூடவே பாடிக்கொண்டிருக்கிறாள். கையை நீட்டித் தாளமும் போடுகிறாள். சில இடங்களில் தாங்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது அவளுக்கு. இந்த வயதில் இப்படி ரசிக்க யாருக்குக் கொடுத்து வைக்கும்? நான் அவள் முகத்தைப் பார்த்தேனா என்று கேட்டிருந்தாய். பார்க்கிறேன், நாள் பூராவும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாட்டு முடிந்ததும் திறக்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் ரெகார்டை எடுத்து உறையில் போட்டே நாளாகிறது, பாட்டு இன்னும் முடியவில்லை.

உன்மேல் எனக்கு ஒரே ஒரு குறை. கடையில் உட்கார்ந்து நான் காதால் கேட்டேன். நீ இதழில் படித்ததோடு சரி. இன்றுவரை ஒரு தடவைகூட நீ இதைக் கேட்டதில்லை. கேட்காமலே வாங்கிக் கொடுத்தாய், கேட்காமலே நிறுத்தச் சொல்கிறாய். உள்ளே வந்ததும் அம்மாவைத் தூக்குகிறேன் என்று அவசரப்படாதே. உனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். முதலில் உட்கார்ந்து கேள்.

தங்கை